சூட் கோட்டின் பின்னால் உள்ள எக்ஸ் தையலைப் பிரிக்கலாமா?

"கோட்டின் பின்பக்கத் திறப்பில் எக்ஸ் வடிவில் இருப்பது டிசைன், பிரித்தால் கோட்டின் வடிவம் கெடும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. கடைக்கு வந்து சேரும்வரை துணி மடங்காமல் இருக்கப் போடுகிற தற்காலிகத் தையல் அது. போட்டுக்கொள்ளும் முன் பிரித்துவிட வேண்டும். உட்காரும்போதும் பேன்ட் பாக்கெட்டில் கை விடும்போதும் துணி விரிந்து கொடுக்கத்தான் அந்தத் திறப்பே இருக்கிறது. தைத்தபடி விட்டால் துணி இழுபட்டுச் சுருங்கும்; மேடையில் திரும்பினால் சபைக்கே தெரியும். ரிசப்ஷனில் மாப்பிள்ளை முதுகில் இதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. சின்னக் கத்தரியால் நூலை நடுவில் வெட்டி, விரலால் மெதுவாக உருவுங்கள். கைநுனியில் வெளியே தைத்திருக்கும் பிராண்டு லேபிளையும் எடுத்துவிடலாம். தைத்து மூடியிருக்கும் கோட்டுப் பாக்கெட்டில் மட்டும் அவசரம் வேண்டாம்: உள்ளே பை இருக்கிறதா என்று தடவிப் பார்த்த அப்புறம் பிரியுங்கள். சில கோட்டுகளில் அது வெறும் மூடிதான்.