எச்சில் வேறு, சளி வேறு

"சளி மாதிரியைத் திருப்பி அனுப்புவது லேபின் சோம்பேறித்தனம், எதைத் துப்பினாலும் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) கிருமி வளரும்" என்பது தவறான தகவல். வளரும், சரி. ஆனால் வளர்வது வாயில் எப்போதும் இருக்கும் கிருமி. அதை நம்பி மருந்து கொடுத்தால் நுரையீரலில் இருப்பது தப்பிவிடும். அதனால்தான் முதலில் கிராம் சாயமிட்டு (கிருமிகளும் செல்களும் தெரிய நிறமேற்றி), மைக்ராஸ்கோப்பில் 10 மடங்கு லென்ஸில் பார்க்கிறார்கள். பல லேப்களில் கணக்கு இதுதான்: ஒரு பார்வைப் புலத்தில் தட்டையான எபிதீலியல் செல்கள் (வாயின் உட்பரப்பிலிருந்து உதிர்பவை) 10க்கு மேல் இருந்தால் எச்சில் கலந்திருக்கிறது, அவை 10க்குக் குறைந்து, சீழ் செல்கள் (தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்கள்) 25க்கு மேல் இருந்தால் நல்ல மாதிரி. (வெள்ளையணு குறைந்த நோயாளிக்குச் சீழ் செல் தெரியாமலும் போகலாம்.) காசநோய்ப் பரிசோதனைக்கு இந்த வடிகட்டல் பொருந்தாது. திருப்பி அனுப்பினால் தயவுசெய்து கோபப்படாதீர்கள். தண்ணீரால் வாய் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து இருமி, நெஞ்சிலிருந்து வருவதைக் கொடுங்கள், முடிந்தால் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே.