80 சதவீதக் கணக்கு பற்றி ஒரு திருத்தம்

மேலே ஒருவர் ‘உலக உணவில் 80 சதவீதத்தைப் பெண்கள்தான் விளைவிக்கிறார்கள், ஆனால் நிலத்தில் 1 சதவீதம்கூட அவர்களிடம் இல்லை’ என்று எழுதியிருக்கிறார். நோக்கம் நல்லதுதான், எண்கள்தான் உதைக்கின்றன. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் 2010-11 அறிக்கைப்படி, வளரும் நாடுகளில் விவசாய வேலை செய்பவர்களில் பெண்கள் சுமார் 43 சதவீதம். லத்தீன் அமெரிக்காவில் இது 20 அளவில் நிற்கிறது, கிழக்கு ஆசியாவில் 50-ஐத் தொடுகிறது.

அப்புறம், உணவை ஆண் பங்கு, பெண் பங்கு என்று எப்படிப் பிரிப்பது? ஒரே வயலில் அவர் உழுகிறார், இவர் நாற்று நட்டுக் களையெடுக்கிறார். அறுத்துக் கட்டிய மூட்டையில் யாருடையது எத்தனை படி?

நிலமும் அப்படித்தான். பத்திரம் யார் பெயரில், சாகுபடியை நடத்துவது யார் என்பவை வேறு வேறு கேள்விகள் (இருவர் பெயரிலும் உள்ள நிலம் இன்னொரு தலைவலி). சாகுபடியை நடத்துபவர்களில் பெண்கள் 20 சதவீதத்துக்கும் குறைவு. இந்த அநியாயமே போதாதா, 1 சதவீதம் எதற்கு?

அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது, யாரும் பகிர்வதில்லை: விதை, உரம், கடன் எல்லாம் ஆண்களுக்குக் கிடைக்கும் அளவு கிடைத்தால், பெண்கள் நடத்தும் பண்ணைகளின் விளைச்சல் 20 முதல் 30 சதவீதம் வரை கூடலாம்.