வாரியார் சுவாமிகள் மறைந்தது சிங்கப்பூரில் அல்ல

கிருபானந்த வாரியார் சுவாமிகள் சிங்கப்பூரில் சொற்பொழிவு மேடையிலேயே காலமானார் என்று ஒருவர் இணையத்தில் பதிவிட்டிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் விட்டார்கள். அது சரியல்ல. 1993 அக்டோபரில் சுவாமிகள் லண்டன் போயிருந்தார். அங்கிருந்து இந்தியா திரும்பும் வழியில், நவம்பர் 7 அன்று, விமானத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அப்போது வயது 87. அந்த வயதிலும் முருகன் புகழ் சொல்ல கடல் கடந்து போனவர் அவர். அதற்கு மேல் நாம் எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

சந்தேகம் இருந்தால் சிங்கப்பூர் விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தில் அந்த மாதத்துப் பழைய நாளிதழ்களைக் கேளுங்கள். 8ஆம் தேதியிலிருந்து புரட்டினால் போதும். அப்புறம், காட்பாடி பக்கம் போகிறவர்கள் அவர் பிறந்த காங்கேயநல்லூரில் சமாதியையே பார்க்கலாம்.

பதிவிட்டவர் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிவிட்டால் நன்றாக இருக்கும்.