செயலிக்கு முன்னால் பாடம்

நான் படித்த ஒரு கட்டுரை, வகுப்பறைக்கு ஏற்ற பத்துச் செயலிகளை வரிசைப்படுத்தியிருக்கிறது. உழைப்பு தெரிகிறது, ஆனால் தொடங்கிய இடம்தான் இடிக்கிறது. ஒரு பாடத்தில் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதைப் பார்த்த பிறகுதானே கருவியைத் தேட வேண்டும்?

மின்சுற்றையே எடுத்துக்கொள்வோம். கம்பிக்குள் ஓடும் மின்னோட்டம் கண்ணுக்குத் தெரியாது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் (PhET) என்னும் கணினி உருவகப்படுத்தல்களில் எலக்ட்ரான்கள் நகர்வதைப் பார்க்கலாம். இலவசம்தான், இணையம் இல்லாமலும் ஓட்டலாம். ஆனால் மாணவரே பேட்டரியை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். ஆசிரியர் மட்டும் திரையில் இழுத்துக் காட்டினால் அது இன்னொரு வீடியோ, அவ்வளவுதான்.

ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990களில் பரப்பிய முறையும் அப்படித்தான். கேள்வி கேட்டு, ஒவ்வொருவரும் தனியாக விடை சொல்லி, பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்து, மறுபடியும் விடை சொல்வது. கிளிக்கர் (பொத்தானை அழுத்தி விடை சொல்லும் சிறு கருவி) இருந்தால் எண்ணுவது சுலபம், கூச்சப்படும் பிள்ளையும் துணிந்து அழுத்தும். இல்லாவிட்டால் விடைக்கு ஒன்றாகத் தூக்கிக் காட்ட நான்கு வண்ண அட்டைகள் போதும். அந்த விவாதம்தான் உயிர்.

கட்டுரை தொடாத ஒன்று: கடவுச்சொல். நாற்பது நிமிட வகுப்பில் பதினைந்து நிமிடம் எல்லோரையும் உள்நுழைய வைப்பதிலேயே நான் தொலைத்திருக்கிறேன். (மறந்தவர்களுக்குப் புதிதாக மாற்றிக் கொடுத்தது தனிக் கதை.) அதனால் இப்போதெல்லாம் பயனர் கணக்கே கேட்காத கருவி என்றால் பாதி ஓட்டு அதற்குத்தான். மாணவர் பெயரும் மின்னஞ்சலும் கொடுக்க வேண்டியதில்லை என்பது கூடுதல் நிம்மதி.