வியர்வை மட்டுமே அளவுகோலா?

உடலை வருத்தாத எதையும், ஆகவே கணினி விளையாட்டுப் போட்டிகளையும், கல்லூரி விளையாட்டாக ஏற்கலாகாது என்னும் கட்டுரையாளரின் வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை. துப்பாக்கி சுடுதலை அமெரிக்கக் கல்லூரிகள் நெடுங்காலமாக விளையாட்டாகவே நடத்தி வருகின்றன. அங்கே வெற்றியைத் தீர்மானிப்பவை ஓட்டமும் தாவலும் அல்ல, சிதறாத கவனமும் நடுங்காத கையும்தான். சிகாகோவின் ராபர்ட் மோரிஸ் பல்கலைக்கழகம் 2014இல் 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' என்னும் இணையவழிக் கணினி விளையாட்டின் ஆட்டக்காரர்களுக்கு உதவித்தொகை அறிவித்து, அவர்களைத் தன் விளையாட்டுத் துறையின் கீழேயே கொண்டுவந்தது. அது துணிவான, சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

என் கவலை வேறு. ஜேம்ஸ் நைஸ்மித் 1891இல் வகுத்த கூடைப்பந்து இன்று எவருடைய தனிச்சொத்தும் அல்ல. பந்தும் வளையமும் இருந்தால் எந்தக் கல்லூரியும் ஆடலாம். 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' ஆட்டமோ அதை உருவாக்கிய ரயட் கேம்ஸ் நிறுவனத்துக்கு உரியது. ஆட்டத்தில் வரும் ஒரு பாத்திரத்தின் ஆற்றலைக் குறைப்பதும், போட்டிகளுக்கு அனுமதி மறுப்பதும், நினைத்தால் ஆட்டம் இயங்கும் சேவையகத்தையே மூடிவிடுவதும் அந்நிறுவனத்தின் உரிமை என்றிருக்கையில், நான்காண்டுப் படிப்பை அந்த ஆட்டத்தின் உதவித்தொகையை நம்பித் தொடங்கும் மாணவருக்கு யார் பொறுப்பு?

அமெரிக்கத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 2019இல் கணினி விளையாட்டுப் போட்டிகளைத் தன் பொறுப்பில் எடுக்காமல் விலகிக்கொண்டது. அதன் அப்போதைய தலைவர் மார்க் எம்மர்ட் சுட்டிய, பெண்களின் பங்கேற்பு மிகக் குறைவு என்ற குறை உண்மையானதே. ஆனால் விலகி நிற்பதால் அக்குறை நீங்காது. ஆட்டம் நின்றுபோனாலும் படிப்பு முடியும்வரை உதவித்தொகை தொடரும் என்று ஒவ்வொரு கல்லூரியும் எழுத்தில் உறுதியளித்த பிறகே கல்லூரி விளையாட்டு என்ற அங்கீகாரம் இவற்றுக்கு வழங்கப்பட வேண்டும்.