பொந்து விழுந்த மரம் செத்த மரம் அல்ல

எங்கள் ஊருணிக் கரையில் நின்ற இலுப்பை மரத்தை வெட்டிவிட்டார்கள். அதைப் பற்றி இனி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால், "உள்ளே பொந்து விழுந்துவிட்டது, எப்படியும் அது செத்த மரம்தான்" என்று வெட்டியவர்களே சொல்லித் திரிவதைக் கேட்ட பிறகு வாய்மூடி இருக்க முடியவில்லை.

பொந்து விழுந்த மரம் செத்த மரம் அல்ல. மரத்தின் நடுவில் இருக்கும் வைரம், அதாவது கெட்டியான உள்கட்டை, அதைத் தாங்கி நிற்குமே தவிர, அதில் உயிரோட்டம் கிடையாது. நீரும் சத்தும் ஓடுவதெல்லாம் பட்டையிலும் அதை ஒட்டிய வெளிப்பகுதியிலும்தான் என்பதால், நடுப்பகுதி மக்கிப்போன கிழமரமும் பல காலம் தளிர்த்துப் பூக்கும். அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் தாய்மரம் 1989இல் புயலில் சாய்ந்தது. விழுதுகளை ஊன்றிக்கொண்டு அந்த ஆல் இன்றும் நிற்கிறது. "ஆலுக்கு விழுது உண்டு, இலுப்பைக்கு உண்டா?" என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் எங்கள் இலுப்பை இந்தப் பங்குனியிலும் பூத்ததே, செத்த மரமா பூக்கும்?

விடியுமுன் அப்பத்தா ஓலைக்கொட்டானோடு என்னை அங்கே அழைத்துப் போவார். வௌவால்கள் உதிர்த்தது போக, தரையெங்கும் வெளிர்மஞ்சள் பூக்கள் கிடக்கும். சதைப்பற்றான அந்தப் பூவின் நடுவில் துளை இருக்கும். நாரில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வேன், பிசுபிசுப்பு குளித்தாலும் போகாது. பொந்திலிருந்து புள்ளி ஆந்தை ஒன்று தலையை மேலும் கீழும் ஆட்டி எங்களையே பார்க்கும்.

கிளை முறிந்து பிள்ளைகள் மேல் விழுந்தால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. என் மகளும் அங்கேதான் விளையாடுகிறாள். அதற்குப் பாரக் கிளைகளைக் கழித்திருக்கலாம், முட்டுக் கொடுத்திருக்கலாம். அடியோடு அறுத்திருக்க வேண்டியதில்லை. "பதிலுக்குப் பத்துக் கன்று நடுகிறோம்" என்பவர்களோடு பேசவே மனம் வரவில்லை. இலுப்பைக் கன்று பூக்கவே பத்தாண்டு அளவில் ஆகும். அதில் ஆந்தை குடியிருக்கப் பொந்து விழுவது எப்போது? "ஒரு மரத்துக்கா இத்தனை ஒப்பாரி" என்று உங்களில் சிலர் கேட்டீர்களே, அப்பத்தா போன பிறகு அவர் நினைவாக எனக்கு இருந்தது அந்த மரம் ஒன்றுதான்.

தென்கரையில் இன்னும் இரண்டு இலுப்பைகள் நிற்கின்றன. அவற்றிலும் பொந்து உண்டு. மரம் அறிந்த ஒருவரை அழைத்துவந்து காட்டாமல் அவற்றின் மேல் ரம்பம் வைக்கக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். உடன் வருபவர்கள் வாருங்கள்.