"இது எங்கம்மா வைக்கிற காபி மாதிரியே இருக்கும்மா"

அளவுக்கு மீறிக் குழைகிறவர்களைக் கண்டால் இப்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. காரணம் என் அம்மாவுக்கு நடந்தது.

அப்பா போனபிறகு அம்மா மன்னார்குடி வீட்டில் தனியாக இருக்கிறார். வயது 64. பாஸ்புக் பதியப் போன வங்கியில் ஒரு பையன் பழக்கமானான். வரிசையில் நிற்கவிடாமல் வேலையை முடித்துக் கொடுத்தான். பிறகு வீட்டுக்கே வர ஆரம்பித்தான். "இது எங்கம்மா வைக்கிற காபி மாதிரியே இருக்கும்மா." "உங்கள மாதிரி கணக்கா குடும்பம் நடத்தறவங்கள நான் பார்த்ததே இல்லம்மா." பிறந்தநாளைக்குக் கேக்கோடு வந்தான். நான் சென்னையிலிருந்து நாலு நிமிஷம் போனில் பேசுகிறவன். அவன் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினான்.

டெபாசிட் முதிர்ந்த வாரம் ஃபாரத்தோடு வந்தான். "இதுவும் டெபாசிட்தாம்மா, வட்டிதான் கூட." சரிபார்க்க இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து போன் வந்தபோது பக்கத்திலேயே இருந்து, "கேக்கறதுக்கெல்லாம் ஆமான்னு சொல்லிடுங்கம்மா" என்றிருக்கிறான்.

அடுத்த வருஷம் பிரீமியம் கேட்டு மெசேஜ் வந்தபோதுதான் விஷயமே தெரிந்தது. வருஷத்துக்கு ஒரு லட்சம், ஏழு வருஷம் கட்ட வேண்டிய பாலிசி. அம்மாவுக்கு வருவது குடும்ப ஓய்வூதியம் மட்டும். பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாமென்று திருப்பிக் கொடுத்திருக்கலாம். அது பீரோவில் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. பையனுக்கு மாற்றல் ஆகிவிட்டது, போனை எடுப்பதில்லை.

இதை விற்பனைத் திறமை என்று சொன்ன நண்பரோடு சண்டை போட்டேன். டார்கெட் உண்டு, மார்ச் மாத நெருக்கடி உண்டு, மேலதிகாரி கழுத்தைப் பிடிப்பார், எல்லாம் தெரியும். அதற்காகப் பேச்சுத்துணைக்கு ஏங்கும் ஒரு மனுஷியிடம் மகன் மாதிரி வந்து உட்காருவதா? பணம் போனதைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை. "படிச்சவங்கதானே, எப்படி ஏமாந்தீங்க" என்று கேட்கும் சொந்தக்காரர்களே, தயவுசெய்து கேட்காதீர்கள். அம்மா படிக்கத் தெரியாமல் ஏமாறவில்லை.

வங்கிக்கும் கம்பெனிக்கும் புகார் எழுதியிருக்கிறோம். கம்பெனி ஒரு மாதத்தில் பதில் தராவிட்டால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரியிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். இதே நிலையில் இருப்பவர்கள் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 எண்ணிலும் புகார் சொல்லலாம்.

புகாரில் கையெழுத்துப் போடும்போது அம்மா பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இதனால அந்தப் பையன் வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதேடா?"